சைக்கிள் கட்டியிருந்த வீடு

ஈச்சம்புதூரில் அந்த ஐப்பசியில் வந்த சளி மற்றச் சளிகளைப் போலத்தான் வந்தது: முதலில் தொண்டையில் ஓர் அரிப்பு, பிறகு மூக்கில் நீர், பிறகு முட்டை லாரிகளின் ஹாரன்கூடப் பஞ்சுக்கு அப்பால் இருந்து கேட்பதுபோல் ஒரு மந்தம், அதன் பிறகு கண்ணை மூடினால் அந்தக் கனவு. கனவில் ஒரு மண்பாதை இருந்தது, பாதையின் முடிவில் ஓர் ஓட்டு வீடு, வீட்டுக்கு நீலக் கதவு, வாசலில் முளைக்குச்சியில் கட்டிய வெள்ளை மாடு. உள்ளே போனால் முகம் தெரியாத ஒரு பெண், "வாங்க, உக்காருங்க, இலை போட்டாச்சு" என்பாள். உட்கார்ந்ததும் சோறு விழும், ஆவி முகத்தில் படும், பருப்பு ஊற்றுவாள், நெய் விடுவாள், பிசையலாம் என்று கையைக் கொண்டுபோகும் நேரத்தில் தும்மல் வந்து விழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊர் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. கோழிப் பண்ணைகளால் வாழும் ஊர் அது. மனிதர்களைவிடக் கோழிகள் பல மடங்கு அதிகம். நோய் என்பது எப்படி வேண்டுமானாலும் வரும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். "கோழிக்குச் சளி புடிச்சாக் கழுத்து திருவிக்குது, நமக்குப் புடிச்சாக் கனவு வருது, அவ்வளவுதான்" என்று தீவனம் அரைக்கிறவர்கள் சொன்னார்கள். மிளகு ரசத்தில் மிளகை இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். வேலைக்கு வராதவர்கள் "கனவுச்சளி" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் முதலாளிகள் மேற்கொண்டு கேட்கவில்லை, ஏனென்றால் முதலாளிகளும் அதே வாசலில் நின்று அதே மாட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

சண்டை வந்தது கதவின் நிறத்தில். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் நீலம் என்றார், இன்னொருவர் பச்சை என்றார், மூன்றாமவர் தான் பார்த்த வீட்டில் கதவே இரும்பு ஷட்டர் என்று சத்தியம் செய்தார். மாடு சிலருக்கு எருமையாக இருந்தது, சிலருக்கு இரண்டு ஆடுகளாக இருந்தது. பொய் சொல்வது யார் என்று தீர்மானிக்க முடியாமல், கோழிநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மேகலையை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே நிறுத்திக் கேட்டார்கள்.

மேகலை அத்தியப்பனின் ஒரே மகள். அத்தியப்பன் ஒரு பண்ணையில் தீவனம் கலப்பவர். அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் மேகலைதான். அதனாலேயோ என்னவோ, அவளுக்கு எதைச் சொல்வதற்கு முன்னும் ஒரு பயம் இருந்தது. சொன்னது தப்பாகிவிட்டால் தன்னோடு சேர்ந்து தன் வீடே தப்பாகிவிடும் என்பதுபோல் யோசித்து யோசித்துத்தான் பேசுவாள்.

"யாரும் பொய் சொல்லலீங்க" என்றாள். "நம்ம கோழிக்கு வர்ற வெள்ளைக்கழிச்சல் மாதிரி இதுவும் ஆர்.என்.ஏ. வைரஸாத்தான் இருக்கோணும். அந்த ஜாதி வைரஸ் தன்னைத்தானே நகல் எடுக்கும்போது, எழுதினதை ஒருக்கா திரும்பிப் பாத்துத் திருத்தற பழக்கம் பெரும்பாலும் இல்லீங்க. எழுதும், போயிட்டே இருக்கும்."

"எங்கண்ணன் பையன் பரீட்சை எழுதற மாதிரின்னு சொல்லு" என்றார் டீ மாஸ்டர்.

"ஆமாங்க. ஆனா அவன் ஒருக்காத்தான் எழுதறான். இது ஓயாம எழுதும். தப்போட எழுதினதும் ஒட்டிக்கும். கதவு நிறம் மாறினா வீடு இடிஞ்சா போகுது?"

அவள் இன்னொன்றையும் கவனித்திருந்தாள், அதையும் சொன்னாள். சளி ஐந்தாறு நாள் இருக்கிறது. சிலருக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள் கனவைப் பார்த்தே மறுபடியும் கனவு எழுதப்படுகிறது, அதனால் அன்றைய தப்பு அன்றோடு போய்விடுகிறது, மறுநாள் பழைய வீடே வந்து நிற்கிறது. வேறு சிலருக்கு நேற்றைய கனவைப் பார்த்து இன்றைய கனவு, இன்றையதைப் பார்த்து நாளையது. தப்பின்மேல் தப்பு ஏறிக் கடைசி நாளில் வீடு படகாகிவிடுகிறது.

பண்ணைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதற்குமேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. ஒரே தாய்க்கோழியின் குஞ்சுகள் ஒரு வகை, குஞ்சின் குஞ்சின் குஞ்சு இன்னொரு வகை. அன்று மாலைக்குள் ஊர் தன்னைத் தாய்க்காரர், குஞ்சுக்காரர் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டது. சொன்ன சொல் மாறாதவர்களைத் தாய்க்காரர் என்றார்கள், கடன் கேட்டால் நாளை நாளை என்கிறவர்களைக் குஞ்சுக்காரர் என்றார்கள், பெண் பார்க்க வந்த தரகர் ஒருவர் மாப்பிள்ளை எந்த வகை என்பதையும் ஜாதகத்தோடு சேர்த்துச் சொன்னார். டீ மாஸ்டர் ஒருவரே தும்மிக் கொடுத்த பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர்களுக்கு ஏறக்குறைய ஒரே வீடு. வீட்டுக்கு வீடு, வாய்க்கு வாய் கைமாறிப்போன தொழிலாளர் லைனில் கடைசிக் குடித்தனத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாடு இருந்த இடத்தில் ஒரு கிணறு இருந்தது, கிணற்றுக்குள்தான் இலை போட்டிருந்தார்கள். ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் இரண்டு பக்கத்திலிருந்து சளி வந்து கலந்ததில், அவர் வாசலும் அவள் கூரையுமாக ஒரு வீடு எழும்பியது. லைன் வாட்ச்மேனுக்கு மட்டும் கதவே இல்லாத வீடு வந்தது. விடியும்வரை சுற்றிச் சுற்றி வந்தார், உள்ளே போக வழியில்லை. அவரிடமிருந்து அந்தக் கனவு யாருக்கும் தொற்றவும் இல்லை, அவரோடேயே அது தீர்ந்துபோனது.

எது முதல் கனவு என்று தேடியும் பார்த்தார்கள். யாரிடம் போனாலும் அவர் ஒரே நாளில் நீலக்கதவையும், அதன் ஓரத்தில் மங்கலாகப் பச்சையையும், அதற்கும் பின்னால் வேறெதையோவும் பார்த்திருந்தார். ஒருவேளை சுற்றி வருவது ஒரு கனவே இல்லை, கூட்டமாகத்தான் வருகிறது, நாம் நடுவில் நிற்பதை மட்டும் பார்த்துக் கனவு என்கிறோம் என்று மேகலைக்குத் தோன்றியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை.

தப்பு எங்கே முதலில் முளைத்ததோ அவர் பெயரால் அந்த வீட்டைக் கூப்பிடுவது ஊர் வழக்கமாயிற்று. பச்சைக்கதவு பழனியம்மாள் வீடு, ஷட்டர் வீடு லேத் பட்டறைக்காரர் வீடு, இப்படி. இதனால் யாருக்கு யாரிடமிருந்து சளி வந்தது என்பது வெட்டவெளிச்சமாகியது. பழனிக்குப் போய்வந்ததாகச் சொன்ன முட்டை மண்டிக்காரரின் கனவில், வாய்க்கால்மேட்டுச் சீட்டாட்டக் கொட்டகைக்காரர்களுக்கு மட்டுமே வந்துகொண்டிருந்த புளியமரம் நின்றது. அவர் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வெறும் இலையைச் சுருட்டி அவர் கையில் கொடுத்து, "புளியமரத்துக்கே போயிச் சாப்பிட்டுக்கோங்க" என்றாள்.

இப்படித் துப்பு கேட்டு வருகிறவர்களிடம் மேகலை, "ஒரே தப்பு ரெண்டு எடத்துல தானாவும் வரலாமுங்க, உறுதியாச் சொல்ல முடியாது" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். அந்த வாக்கியம் மட்டும் ஊரார் காதில் ஏறவே இல்லை.

அப்போதுதான் நவநீதனுக்குச் சளி பிடித்தது. பண்ணைகளிலிருந்து கோழி ரத்தத்தையும் இறந்த கோழிகளையும் ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது அவன் வேலை. ஊரின் தெற்குப் பக்கத்துக்காரன். தெற்குப் பக்கத்தில் மேகலையின் ஆட்கள் கை நீட்டித் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அவனுடைய கனவில் முளைக்குச்சியில் மாடு இல்லை. கழுத்தில் கயிறு போட்டு ஒரு சைக்கிளைக் கட்டியிருந்தார்கள், அது வைக்கோல் தின்றுகொண்டிருந்தது, ஈ மொய்த்தால் பின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. அவன் இதைக் கள்ளமில்லாமல் டீக்கடையில் சொல்லிவைக்க, ஊரே சிரித்துப் புரண்டது. அந்த வீட்டுக்கு நவநீதன் வீடு என்று பெயராயிற்று. அவன் தனியாகவே சுற்றுகிறவன். அந்தச் சைக்கிள் வேறு யாருடைய கனவிலும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மேகலையின் கனவில் வந்தது.

அவள் நவநீதனோடு ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்திருந்தாள். இரண்டு வருடமாக அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

சளி பிடித்த வீட்டுக்குக் காலையில் தெருவே வந்து என்ன கட்டியிருந்தது என்று விசாரிப்பது முறையாகியிருந்தது. "தூக்கமே சரியா வரலைங்க" என்று அவள் போர்வையை மூடிக்கொண்டாள். அது முழுப் பொய் இல்லை, விடிந்தபிறகு தூக்கம் வரத்தான் இல்லை. தான் குஞ்சுக்காரியாக இருந்தால் போதும், நாளைக்குச் சைக்கிள் வேறு எதுவாகவாவது மாறியிருக்கும், அப்போது எழுந்து உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். மறுநாளும் சைக்கிள் வந்தது. அதற்கு மறுநாளும், அதே கயிறு, அதே வைக்கோல். மேகலை தாய்க்காரி.

போனில் நவநீதனிடம் சொன்னாள்.

"எனக்கு இப்பச் சைக்கிளே இல்ல மேகலை" என்றான் அவன். "மொபெட் ஆச்சு, அப்புறம் ஏதோ ஆட்டுரல் மாதிரி ஆச்சு. நேத்து வெறும் குச்சிதான் நின்னுச்சு."

"நீங்க குஞ்சுக்காரருங்க."

"அதுக்கென்ன பண்றது? என்ற தப்பு உன்றகிட்டத்தான் பத்திரமா இருக்குது போல." சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "கேட்டா மாடுன்னு சொல்லிப்போடு. உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்குத் தாங்காது" என்றான்.

மாடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்த அத்தியப்பன் மறுநாள் காலை தும்மிக்கொண்டே எழுந்தார். எழுந்து வாசலில் போய், வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

தெரு வந்தது. தெருவுக்கு முன்னால் அத்தியப்பனின் அக்கா மாராயி வந்தாள். மேகலையைத் தன் மகனுக்குக் கட்டுவது என்று மேகலை பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டுக் காத்திருப்பவள். மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஊரிலேயே இன்னும் சளி பிடிக்காமல் தப்பித்திருப்பவள். தள்ளியே நின்றாள்.

"ஏன்டா அத்தியப்பா, பேயறைஞ்சாப்பல இருக்கறே? வாசல்ல என்னடா கட்டியிருந்துச்சு?"

அத்தியப்பன் மகளைப் பார்த்தார். மேகலைக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. "சைக்கிள்" என்றார் அவர், மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. மேகலையின் அம்மா பாவாயி கையிலிருந்த ரசச் சட்டியைக் கீழே வைத்தாள். வைத்தவள்தான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். "அம்மிணி, ஒரே தப்பு ரெண்டு எடத்துல தானாவும் வரும்னு நீதானே எல்லாருக்கும் சொன்னே? இதும் அப்பிடித்தானே? சொல்லு கண்ணு" என்றாள். அவள் குரல் மகளைக் கெஞ்சியது.

தெரு முழுவதும், இத்தனை நாள் காதில் ஏறாத அந்த வாக்கியத்தை, முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்கத் தயாராக நின்றது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது படிப்புக்கும் விரோதமில்லாத சொல்.

மேகலை அம்மாவின் பக்கம் திரும்பினாள். "வரலாமுங்கம்மா" என்றாள். "ஆனா இது அப்பிடி வரலீங்க. அப்பாவுக்கு என்றகிட்ட இருந்து வந்துச்சு. எனக்கு நவநீதன்கிட்ட இருந்து. அவரைத்தான் கட்டிக்கோணும்னு இருக்கறனுங்க."

மாராயியின் துண்டு வாயிலிருந்து நழுவியது. "பாத்தியாடா! படிக்க வெக்காதே, படிக்க வெக்காதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அவங்க யாரு, நாம யாரு? அந்தப் பக்கத்துல போயித் தண்ணி குடிச்சிருக்கமா நாம?"

"அக்கா" என்றார் அத்தியப்பன். "எனக்குத் தும்மல் வரலைக்கா."

"என்னது?"

"எல்லாருக்கும் கையக் கொண்டு போறப்பத் தும்மல் வந்து முழிப்புத் தட்டிருதில்ல? எனக்கு வரல. நான் சாப்பிட்டுட்டேன்."

தெரு இன்னும் ஒரு எட்டு நெருங்கி வந்தது. இத்தனை பேருக்கு வந்த அந்தக் கனவில் இதுவரை ஒருவர்கூட ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

"கொள்ளுப் பருப்பு" என்றார் அத்தியப்பன். "அரசாணிக்காய்ப் பொரியல். அப்புறம் ரசம். போதும் போதும்னு கையால மறைக்கறேன், அந்தப் பொம்பள விடமாட்டீங்கறா. கடைசியில மோரு. எந்திரிச்சு, சொம்புல தண்ணி மோந்து, கையக் கழுவிட்டு, வாசல்ல அந்தச் சைக்கிளைக்கூடத் தட்டிக் குடுத்துட்டு வந்தேன்."

இந்த ஊர்ப் பக்கத்தில் பெண் கொடுப்பதாக வாய் திறந்து சொல்லும்வரை மாப்பிள்ளை வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் தொட மாட்டார்கள். தொட்டு, கை நனைத்துவிட்டால், பேச்சு முடிந்தது; அதற்குப் பிறகு மாறுவது மனிதருக்கு அழகில்லை. சைக்கிள் கட்டியிருந்த வீடு யாருடையது என்று ஊரே பெயர் வைத்திருந்தது.

"கனவுல தின்னதெல்லாம் ஒரு சாப்பாடாடா?" என்றாள் மாராயி.

அத்தியப்பன் மடியில் மல்லாத்தி வைத்திருந்த வலது கையை அவளிடம் நீட்டினார். தள்ளி நின்றவள் தன்னையறியாமல் குனிந்து மோந்தாள். விரல்களில் கொள்ளுப் பருப்பும் நெய்யும் மணத்தன. வாசலில் நின்ற எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்து மோந்து பார்த்தார்கள். நல்ல நெய்தான் என்றார்கள்.

"நனைச்ச கையி நனைச்ச கையிதானே அக்கா" என்றார் அத்தியப்பன். பிறகு மகளைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "வயிறு நெறைஞ்சு போச்சு கண்ணு. அந்த ஊட்டுல மனுசனை மனுசனா வெச்சுச் சோறு போட்டாங்க" என்றார்.

"நனைச்சவன் நீ, நான் இல்ல. அத்தைக்காரி நான் ஒத்துக்காம எந்த முகூர்த்தம் நடக்குதுன்னு பாக்கறேன்" என்று துண்டை இறுக்கிக்கொண்டு மாராயி போய்விட்டாள். அது சும்மா சொல்லும் மிரட்டல் இல்லை. அத்தை வந்து நின்று மாலையை எடுத்துக் கொடுக்காத கல்யாணம் அந்தக் குடும்பத்தில் நடந்ததில்லை. அக்காவை மீறி ஒரு காரியம் செய்ய அத்தியப்பனுக்குத் தெரியாது.

ஆனால் வாசலில் நின்ற தெரு போகவில்லை. முதலில் பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "ஏனுங்க, இந்தப் பக்கமாப் பாத்து ஒருக்கா தும்முனீங்கன்னா..." என்றார். யாருக்குத்தான் சோற்றில் கை வைக்கும்போது எழுந்துகொள்ள ஆசை? பழனியம்மாள் வந்தாள், லேத் பட்டறைக்காரர் வந்தார், முட்டை மண்டிக்காரர் வீட்டில் சோறு இல்லாததால் இரண்டு முறை வந்தார். தேடி வராதவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. பாதியில் விழித்தவர்கள் எரிச்சலோடு சுருண்டு படுத்திருந்தார்கள், அவர்கள் கனவு அவர்களோடு சுருண்டு படுத்திருந்தது. சாப்பிட்டு எழுந்தவர்களோ வயிறு குளிர்ந்து, மூக்கு ஒழுக ஒழுகக் கடைக்கும் பண்ணைக்கும் கிளம்பிப் போய், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நின்று நிதானமாகச் சிரித்துப் பேசித் தும்மினார்கள். ஒரு வாரத்துக்குள் பச்சைக்கதவு போயிற்று, ஷட்டர் போயிற்று, புளியமரம் போயிற்று, நீலக்கதவும் வெள்ளை மாடும்கூடப் போய், எல்லோர் வாசலிலும் சைக்கிள் நின்று வைக்கோல் தின்றது. கனவுகள் அத்தனையும் ஒரே மாதிரி ஆகிவிடவில்லை. ஒருவருக்குப் பாயசம் இருந்தது, ஒருவருக்கு அப்பளம் நமுத்துப்போயிருந்தது. ஆனால் பசியோடு எழுந்தவர் என்று யாரும் இல்லை. வடக்கும் மேற்கும் கிழக்குமாக ஈச்சம்புதூர் மொத்தமும் நவநீதன் வீட்டில் கை நனைத்துவிட்டது. யார் வாய் திறந்து யாரைக் குற்றம் சொல்வது?

மேகலை ஆய்வுக்கூடத்துக்குப் போகத் தொடங்கினாள். ஐஸ் பெட்டியோடு வந்த நவநீதன் அவள் முகத்தைப் பார்த்து, "அத்தை?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையை இல்லை என்று அசைத்தாள். அப்பாவுக்குச் சளி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மனம் மாறாது என்று தெரியும், ஆனால் அக்காவின் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே அவர் சாப்பிடாமல் எழுந்துவிடுவதும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலில் மாராயி வந்தாள். துண்டைக் காணோம். வாசற்படியில் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ற பையன் வந்து உன்றகிட்டத் தும்மல் வாங்கிட்டுப் போனானாமே" என்றாள்.

"ஆமாக்கா. வியாழக்கிழமை."

"தின்னுட்டு வந்து, அம்மா, அந்த ஊட்டு ரசம் மாதிரி வெய்யுங்கறான். திருப்பூர்ல எவளோ ஒருத்திய மனசுல வெச்சிருக்கானாம், அதையும் அப்பத்தான் சொல்றான். வவுறு நெறைஞ்சா வாயி தெறந்துக்குது எல்லாத்துக்கும்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தெருவில் போனவர்கள் நடையைச் சுருக்கினார்கள். "ஊரே சாப்பிட்டுட்டு வந்து ஏப்பம் விடுது. நான் மட்டும் பட்டினி. நீ கூப்பிட்டு நான் வந்ததாவும் இருக்கக்கூடாது, நானா எறங்கி வந்ததாவும் இருக்கக்கூடாது."

"அப்ப என்னக்கா பண்றது?"

"சளி வந்தா மனுசி என்ன பண்ணுவா? வந்ததுன்னா வந்ததுதான்." குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் மிச்சம் இருக்குதாடா?"

அத்தியப்பன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். உள்ளே ஒன்று இருந்தது. அதிகம் போனால் ஒன்றுதான். பாவாயி ஓடிப்போய் ஒரு சிட்டிகை மிளகுத்தூள் கொண்டுவந்து நீட்டினாள். கதவுக்குப் பின்னால் மேகலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாராயி முகத்தை நன்றாக முன்னால் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டாள். "ம்" என்றாள்.